தூளியை ஆட்டுவது யார்? – மீனா சுவாமிநாதனின் ஆய்வு வாழ்வு

குழந்தையைப் பாடுவதற்கென்றே ஒரு சிற்றிலக்கிய வகையை வகுத்துக்கொண்ட மொழி நம்முடையது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி எனப் பிள்ளைத்தமிழின் பருவங்கள் வரிசை பெறுகின்றன. ஆண்பாற் பிள்ளைத்தமிழாயின் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்றும், பெண்பாற் பிள்ளைத்தமிழாயின் அம்மானை, நீராடல், ஊசல் என்றும் அவ்வரிசை நிறைவு பெறும். பாட்டுடைத் தலைவர் கடவுளாக இருக்கலாம், அரசராக இருக்கலாம். ஆயினும் இவ்வரிசையை வகுத்த புலவர், ஓர் எளிய குழந்தையின் அருகே பல மாதங்கள் அமர்ந்து பார்த்தவராகவே இருந்திருக்க வேண்டும். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. தளர்நடையிட்டு வருவது வருகை. இன்றைய குழந்தை மருத்துவர் மாதக் கணக்கு வைத்துச் சரிபார்க்கும் வளர்ச்சிப் படிகளை நம் புலவர்கள் பருவங்களாகக் கண்டு பாடிவிட்டனர்.

ஆனால், பிள்ளைத்தமிழ் கேளாத வினா ஒன்று உண்டு. செங்கீரை ஆடும் குழந்தையைப் பார்த்து மகிழ ஒருவர் அருகில் இருக்க வேண்டுமே, அவர் யார்? அரண்மனையில் செவிலியர் இருப்பர். நடவு வயலில் முழங்கால் அளவு சேற்றில் நிற்கும் தாய்க்குச் செவிலி ஏது? வரப்போரத்து மரக்கிளையில் பழஞ்சேலைத் தூளி தொங்கும். அதை ஆட்டிக்கொண்டு ஒரு சிறுமி நிற்பாள். அவளுக்கு ஏழு வயது இருக்கும், எட்டு இருக்கும். அந்த நேரத்தில் அவள் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்க வேண்டியவள்.

எழுதுபவன் தன் கதையைக் கூறுவது இத்தகைய கட்டுரைகளின் மரபன்று. எனினும் ஒரு செய்தியை மட்டும் கூறி மேலே செல்கிறேன். என் தமக்கை மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அவர் நின்றது நான் பிறந்த ஆண்டில். இவ்விரண்டு செய்திகளையும் நான் சிறுவயது முதலே அறிவேன். இரண்டும் ஒரே செய்தி என்பதை உணர்ந்தது ஐம்பது வயதை நெருங்கிய பின்னரே. உணர்த்தியது ஒரு கவிதையன்று. ஓர் ஆய்வாளரின் எழுத்து. அவர் பெயர் மீனா சுவாமிநாதன். நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில், கவிஞரல்லாத ஒருவரைப் பற்றி எழுத நான் துணிந்ததன் காரணம் இதுவே.

முற்றத்துப் பள்ளி

மீனா அம்மையாரின் பணியை மதிப்பிட, அவருக்கு முந்தைய வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

செருமனியில் ஃபிரெடரிக் ஃபிரோபெல் என்பார் 1837-இல் சிறு குழந்தைகளுக்கென ஒரு கூடம் தொடங்கி, 1840-இல் அதற்குக் ‘கிண்டர்கார்ட்டன்’ என்று பெயரிட்டார். குழந்தைகளின் தோட்டம் என்பது அதன் பொருள். நம் ஊர்களில் ‘பால்வாடி’ என்று வழங்கும் சொல்லும் அப்பொருளையே தருவது. பாலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. குழந்தையைக் குறிக்கும் ‘பால்’ என்னும் வடநாட்டு வழக்கும், தோட்டத்தைக் குறிக்கும் ‘வாடி’யும் சேர்ந்தது அது. எனினும், பால் வார்க்கும் இடம் என்றே நம் தாய்மார் அதைப் புரிந்துகொண்டனர். பசியறிந்தவர் செய்த அந்தப் பொருள் மாற்றத்தைத் தவறென்று தள்ள மனம் வரவில்லை.

குசராத்தில் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா 1920-இல் பால மந்திரத்தைத் தொடங்கினார். அவரோடு இணைந்து பணியாற்றிய தாராபாய் மோடக், 1926-இல் உருவான நூதன் பால சிட்சண சங்கத்தின் தூண்களுள் ஒருவர். மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். போர் மூண்டதால் நாடு திரும்ப இயலாமல் பல ஆண்டுகள் இந்தியாவிலேயே தங்கி, அடையாற்றிலும் கோடைக்கானலிலும் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். அவருடைய முறை அழகியது. ஆனால் அதற்குரிய கருவிகள் விலை மிகுந்தவை. ஆகவே அது பெரும்பாலும் நகரத்து வசதி படைத்தோரின் பிள்ளைகளுக்கே கிட்டியது.

அந்தச் சுவரைத் தாண்டியவர் தாராபாய் மோடக். 1945-இல் மராட்டியக் கடற்கரைச் சிற்றூரான போர்டிக்குச் சென்று சிற்றூர்ப் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கினார். அனுதாய் வாக் அவருக்குத் துணை நின்றார். ஒடுக்கப்பட்டோர் குடியிருப்பிலிருந்து பிள்ளைகள் வரவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கு வாராவிட்டால் பள்ளி பிள்ளைகளிடம் போகட்டும் என்று, அக்குடியிருப்பின் முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டு சென்றனர். ‘அங்கன்’ என்றால் முற்றம். அங்கன்வாடி என்ற சொல்லின் வேர் அந்த முற்றத்தில் இருக்கிறது. பின்னர், 1957 முதல் கோஸ்பாடு மலைப்பகுதியில் வார்லிப் பழங்குடியினரிடையே பணி தொடர்ந்தது. அங்கே கைக்குழந்தைக் காப்பகம், பால்வாடி, தொடக்கப்பள்ளி ஆகிய மூன்றையும் ஒரே வளாகத்தில் வைத்தனர். தம்பியையோ தங்கையையோ இடுப்பில் சுமந்து வரும் சிறுமி, குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வகுப்பில் அமரலாம். நம் கட்டுரையின் மையப் பொருள் அங்கேயே முளைவிட்டுவிட்டது எனலாம். அதை நாடளாவிய கொள்கையாகவும் ஆய்வாகவும் வளர்க்க மற்றொருவர் வேண்டியிருந்தது.

நாவலாசிரியையின் மகள்

தமிழ் நாவல் வாசகர்களுக்குக் கிருத்திகாவை அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. மதுரம் பூதலிங்கம் (1915–2009) என்னும் அவ்வம்மையார், ‘வாஸவேச்வரம்’ நாவலில் ஒரு கிராமத்தின் வெளிவேடத்துக்கும் அகவாழ்வுக்கும் இடையிலான பிளவைத் துணிவுடன் திறந்து காட்டினார். ‘புகை நடுவில்’ முதலான பிற நாவல்களையும் எழுதினார்; இராமாயண, பாரதக் கதைகளைக் குழந்தைகளுக்காக ஆங்கிலத்தில் எழுதினார். கணவர் சு. பூதலிங்கம் ஐ.சி.எஸ். அதிகாரி, நடுவண் அரசின் நிதித்துறைச் செயலராக உயர்ந்தவர். 1933-இல் பிறந்த மீனா இவ்விருவரின் மகள்.

மீனா கேம்பிரிட்ஜில் பொருளியல் பயின்றார். அங்கேதான் எம்.எஸ். சுவாமிநாதனைச் சந்தித்தார், 1955-இல் மணந்துகொண்டார். கணவர் தில்லியில் கோதுமை ஆராய்ச்சியில் மூழ்கியிருந்த காலத்தில், இவர் ஆசிரியப் பணியில் ஈடுபட்டார். மூன்று பெண்மக்களை வளர்த்தார். சௌம்யா மருத்துவ ஆய்விலும், மதுரா பொருளியலிலும், நித்யா பெண்ணிய வளர்ச்சி ஆய்விலும் பின்னாளில் பெயர் பெற்றனர். பசுமைப் புரட்சி வரலாற்றில் மீனாவின் பெயர் பெரும்பாலும் ‘துணைவியார்’ என்ற ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறது. அந்தச் சொல்லுக்கு வெளியே அவர் கட்டியெழுப்பிய தனி வாழ்வே நாம் காணப்போவது.

நம் வட்டத்தார்க்கு இனிக்கும் செய்தி ஒன்று. அவருடைய தொடக்கக்கால நூல்களுள் ஒன்று நாடகம் பற்றியது. பள்ளிகளில் நாடகத்தைக் கல்விக் கருவியாகக் கையாள்வது எப்படி என்பதை விளக்கும் அந்நூலைத் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு 1968-இல் வெளியிட்டது. விளையாட்டும் கற்றலும் வேறல்ல என்ற நம்பிக்கை அவரிடம் இறுதிவரை நிலைத்திருந்தது. பிற்காலத்தில் பிரேமா டேனியலுடன் இணைந்து, முன்பருவ ஆசிரியர்களுக்கான விளையாட்டு வழிகாட்டி நூலையும் எழுதினார்.

அக்காலத்தே தில்லியில் மற்றொரு முயற்சி தோன்றியது. காந்தி நூற்றாண்டான 1969-இல், கட்டுமான இடமொன்றில் செங்கல் சுமக்கும் தாய்மாரின் குழந்தைகள் புழுதியில் கிடப்பதைக் கண்ட மீரா மகாதேவன், அங்கேயே கூடாரம் அமைத்துக் குழந்தைக் காப்பகம் தொடங்கினார். கட்டடம் முடிந்து தொழிலாளர் அடுத்த இடத்துக்குப் போகையில் காப்பகமும் உடன் போகும். ஆகவே அதற்கு ‘மொபைல் கிரெஷஸ்’ என்று பெயர். மீரா மகாதேவனும் ஒரு நாவலாசிரியை. பெனே இசுரவேலர் எனப்படும் இந்திய யூதச் சமூகத்தின் வாழ்வை இந்தியில் நாவலாக்கியவர். இம்முயற்சியோடு மீனா அம்மையாருக்கு நெருங்கிய தொடர்பு இருந்தது. எழுத்து மனமும் தொண்டு மனமும் ஒன்றையொன்று தேடிச் சேர்வதற்கு இது ஒரு சான்று.

1972: ஓர் அறிக்கை

நடுவண் கல்வி ஆலோசனை வாரியம் முன்பருவக் குழந்தையின் வளர்ச்சியை ஆராய ஓர் ஆய்வுக்குழுவை அமைத்து, மீனா சுவாமிநாதனை அதன் தலைவராக்கியது. குழுவின் அறிக்கை 1972-இல் வெளிவந்தது.

அதுவரை அரசின் பார்வையில் குழந்தை மூன்று துண்டுகளாக இருந்தது. உடல் மருத்துவத்துறைக்கு, வயிறு உணவுத் திட்டத்துக்கு, அறிவு கல்வித்துறைக்கு. அறிக்கை இத்துண்டுகளை ஒன்றாக்கிப் பார்த்தது. பசித்த குழந்தைக்குக் கதை சொல்லிப் பயனில்லை. நோயுற்ற குழந்தைக்குச் சோறு மட்டும் ஊட்டிப் பயனில்லை. சோறும் மருந்தும் பெற்றும் பேச்சும் விளையாட்டும் பெறாத குழந்தை முழுமையாக வளர்வதில்லை. ஆகவே ஊட்டம், நலவாழ்வு, கல்வி மூன்றும் ஒரே இடத்தில் ஒருங்கே கிடைக்க வேண்டும். ஏழை எளியோரின் பிள்ளைகளுக்கு அது முதலில் கிடைக்க வேண்டும் என்பது அறிக்கையின் சாரம்.

1974-இல் குழந்தைகளுக்கான தேசியக் கொள்கை வெளியாயிற்று. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கப் பெற்றது. துணையுணவு, தடுப்பூசி, உடல்நலச் சோதனை, மேல்மருத்துவப் பரிந்துரை, முன்பருவக் கல்வி, தாய்மார்க்கு ஊட்டநலக் கல்வி ஆகிய ஆறு பணிகள் அதில் அடங்கின. தாராபாயின் முற்றத்துப் பெயர் அம்மையங்களுக்குச் சூட்டப்பட்டது. 33 வட்டாரங்களில் தொடங்கிய திட்டம் பின்னர் நாடு முழுவதும் ஏறத்தாழ 14 இலட்சம் மையங்களாக விரிந்தது. தமிழ்நாட்டில் மட்டும் அவை 54,000 அளவில் எண்ணப்படுகின்றன. இத்துணைப் பெரிய குழந்தை நலத் திட்டத்தின் விதைகளுள் ஒன்று, ஒரு தமிழ் நாவலாசிரியையின் மகள் தலைமையில் எழுதப்பட்ட அறிக்கை என்பதைத் தமிழ் இலக்கிய வரலாறு எழுதுவோர் அடிக்குறிப்பிலேனும் சேர்க்கலாம்.

தமிழ்நாடு தனக்கென்று சில வழிகளையும் கண்டது. 1980-இல் மதுரை மாவட்டக் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்து, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் கூடுதல் உணவளிக்கும் முறையைக் கையாண்டது. 1982 சூலை 1-இல் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, ஊர்ப்புறத்து முன்பருவக் குழந்தைகளும் அதில் இடம் பெற்றனர். சத்துணவுக் கூடத்து டீச்சரும் ஆயாவும் தமிழ்ச் சிற்றூரின் நிலைத்த மாந்தர்களாயினர்.

இரு பொருள் தரும் ஒரு தலைப்பு

மற்றோர் ஆய்வாளராயின், தம் பரிந்துரை நாடளாவிய திட்டமாகிவிட்ட நிறைவில் ஓய்ந்திருக்கலாம். மீனா அம்மையார் அத்திட்டத்திலிருந்த இடைவெளியைத் தேடினார். அங்கன்வாடி திறந்திருப்பதோ நாளில் சில மணி நேரம். தாய் வயலிலோ கட்டடத்திலோ இருப்பது எட்டு மணி நேரத்துக்கும் மேல். மூன்று வயது நிரம்பிய குழந்தை அங்கன்வாடிக்கு வரும். கைக்குழந்தை எங்கே போகும்? எஞ்சிய நேரம் யார் பொறுப்பு?

இவ்வினாக்களோடு அவர் ஏழை உழைக்கும் பெண்களுக்கான குழந்தைக் காப்பக வசதிகளை ஆராய்ந்து எழுதிய நூல் 1985-இல் தில்லி மகளிர் வளர்ச்சி ஆய்வு மையத்தின் வழி வெளிவந்தது. ‘ஹூ கேர்ஸ்?’ என்பது நூற்பெயர். குழந்தையைக் கவனித்துக்கொள்வது யார் என்பது ஒரு பொருள். இதைப் பற்றி எவருக்கு அக்கறை என்பது மறுபொருள். நம் சிலேடைக் கவிகள் பொறாமை கொள்ளத்தக்க தலைப்பு அது. அவ்விரு வினாக்களுக்கும் விடை ஒன்றே என்பதுதான் அதன் கூர்மை. கவனித்துக்கொள்வது யாரென்று எவரும் கேளாததற்குக் காரணம், எவருக்கும் அக்கறையில்லாமையே.

சட்டம் இல்லாமலில்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலையில் காப்பகம் வேண்டும் என்றது. 1976-இல் அவ்வெண் முப்பதாகக் குறைக்கப்பட்டது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும் காப்பகத்தை விதித்தது. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ‘பிள்ளைக் காம்பரா’ என்று நம் மக்கள் வழங்குவது அத்தகைய காப்பகத்தையே. ஆனால், இச்சட்டங்கள் பெண்களின் தலையை மட்டும் எண்ணின. குழந்தை தாய்க்கு மட்டுமே உரியது, தந்தைக்கு அதில் பங்கில்லை என்பது போல அவ்வெண்ணிக்கை அமைந்தது. எண்ணிக்கை வரம்பைத் தொட்டால் செலவு வரும் என்று கருதிய முதலாளி, பெண்களை வரம்புக்குக் கீழே நிறுத்திக்கொள்ளலாம். அன்றியும், உழைக்கும் பெண்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் எந்த ஆலையின் பதிவேட்டிலும் இல்லாதவர்கள். களை பறிப்பவளுக்கும் சித்தாளுக்கும் வீட்டில் பீடி சுற்றுபவளுக்கும் அச்சட்டம் வேற்றுநாட்டுச் சட்டம் போன்றது.

இங்கேதான் மீனா அம்மையாரின் தனிப் பங்களிப்பு உள்ளது. குழந்தை நலம் பேசுவோர் தாயை, குழந்தைக்கு உணவூட்டும் கருவியாகவே கண்டனர். பெண் முன்னேற்றம் பேசுவோர் குழந்தையை, உழைப்புக்கு இடையூறாகவே கண்டனர். பெண் கல்வி பேசுவோர் சிறுமி பள்ளிக்கு வாராமையைப் பெற்றோரின் அறியாமை என்றனர். மூன்று துறைகள், மூன்று அலுவலகங்கள், மூன்று அறிக்கைகள். அம்மூவரும் ஒரே குடிசையில் வாழ்கின்றனர் என்று காட்டியவர் இவர். தாயின் உழைப்பு, கைக்குழந்தையின் வளர்ச்சி, அக்காளின் படிப்பு ஆகிய மூன்றும் ஒரு முடிச்சின் மூன்று இழைகள். ஒன்றை மட்டும் இழுத்தால் மற்றவை இறுகும். தாய்க்கு வேலை கிடைத்தால் அக்காளின் படிப்பு போகும். அக்காள் பள்ளிக்குப் போனால் குழந்தை தனித்துக் கிடக்கும். தாய் வீட்டில் இருந்தால் அடுப்பெரியாது. முடிச்சை அவிழ்க்கும் இடம் குழந்தைக் காப்பகம்.

என் தமக்கையின் மூன்றாம் வகுப்பும் என் பிறந்த ஆண்டும் ஒரே செய்தி என்று நான் உணர்ந்தது இவ்விடத்தில்தான். எங்கள் தாயாரை நான் குறை கூறவில்லை; தமக்கையாரும் கூறியதில்லை. முடிச்சை இட்டவர்கள் அவர்கள் அல்லர்.

இரு ஆய்வு மரபுகள்

இதே காலத்தில் அமெரிக்காவில் நிகழ்ந்த புகழ்பெற்ற ஆய்வொன்றை இங்கு ஒப்பு நோக்கலாம். மிச்சிகன் மாநிலத்து இப்சிலாண்டி நகரில், டேவிட் வைகார்ட் என்பார் 1962-இல் பெரி முன்பருவப் பள்ளி ஆய்வைத் தொடங்கினார். வறிய கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகளுள் 58 பேர் பள்ளியில் சேர்க்கப்பட்டனர். 65 பேர் சேர்க்கப்படவில்லை. இரு சாராரையும் நாற்பது வயது வரை பின்தொடர்ந்தனர். பள்ளியில் பயின்றோர் மிகுதியாகப் பொருள் ஈட்டினர். சிறைப்படுவதும் அவர்களிடையே குறைந்திருந்தது. சிறு குழந்தைக்குச் செலவிடும் பணம் பன்மடங்காகத் திரும்பி வரும் என்று பொருளியலார் இன்று கூறுவதற்கு இவ்வாய்வு பெருந்துணை.

அதன் பெருமையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆயினும் வினா வேறு. இப்சிலாண்டி ஆய்வு, இக்குழந்தை நாற்பது வயதில் என்னவாகும் என்று கேட்டது. மீனா அம்மையாரின் ஆய்வு, இக்குழந்தை இன்று மதியம் யார் மடியில் இருக்கிறது என்று கேட்டது. முன்னது குழந்தையை நாளைய குடிமகனாகக் கண்டு கணக்கிட்டது. பின்னது குழந்தையை இன்றைய உயிராகக் கண்டது. அதன் பசியும் சிரிப்பும் இன்றைக்கே உரியவை. அதோடு, அந்த மடிக்குரியவளையும் ஆய்வுக்குள் கொண்டுவந்தது. நல்ல ஆய்வு விடையால் மட்டும் மதிக்கப்படுவதில்லை; யாரை வினாவுக்குள் அனுமதித்தது என்பதாலும் மதிக்கப்படுகிறது. கவிதைக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

சென்னை ஆண்டுகள்

1988-இல் சென்னையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தோன்றியது. மீனா அம்மையாரின் பிற்காலப் பணிகளுக்கு அதுவே களமாயிற்று. 1989-இல் குழந்தைக் காப்பகப் பணிகளுக்காக உருவான ‘ஃபோர்சஸ்’ கூட்டமைப்பின் முன்னோடிகளுள் அவரும் ஒருவர். தமிழ்நாட்டிலும் அதன் கிளை பணியாற்றியது. மகப்பேற்றுக் கால உதவியும் காப்பகமும் கருணையல்ல, உரிமை என்பது அவ்வமைப்பின் குரல்.

முதல் மூன்று ஆண்டுகளைப் பற்றி யுனெஸ்கோவுக்காக ஒரு தொகுப்பு (1990), முதல் ஐந்து ஆண்டுகளைப் பற்றி ஒரு தொகுப்பு (1998) எனக் கள அனுபவங்களைத் திரட்டிப் பதிப்பித்தார். 2000-ஆம் ஆண்டில், முன்பருவக் கல்வியின் தரத்துக்கும் குழந்தைகளின் கற்றல் திறனுக்கும் உள்ள தொடர்பை ஆராயும் நூல் வெளிவந்தது. அதே காலத்தில், பால்வாடிச் சூழலின் தரத்தை அளக்க, தமிழ்நாட்டின் பெயரையே தாங்கிய ஓர் அளவுகோலையும் அந்நிறுவனம் வெளியிட்டது. மேலைநாட்டு அளவுகோலை நம் ஊர்க் கூடங்களில் அப்படியே வைத்து அளப்பது பிறர் காலணியைப் போட்டு நடப்பதாகும். காலுக்கேற்ற காலணி வேண்டும் என்னும் தெளிவு அதில் தெரிகிறது. மையம் இருந்தால் மட்டும் போதாது. அதனுள்ளே குழந்தை பேசுகிறதா, ஓடுகிறதா, கேள்வி கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். கைகட்டி வாய்பொத்தி அகரம் எழுதும் நான்கு வயதுக் குழந்தையைக் கண்டு நாம் பெருமைப்படுகிறோம். அப்பெருமை குழந்தையின் நலனுக்கு உகந்ததா என்ற ஐயத்தை இத்தகைய ஆய்வுகள் எழுப்பின.

கணக்கில் வராத உழைப்பு

வரலாறு நேர்க்கோட்டில் செல்வதில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 45-ஆம் உறுப்பு முதலில் எழுதப்பட்டபோது, பதினான்கு வயது வரை அனைவர்க்கும் கட்டாய இலவசக் கல்வி தர அரசு முயலும் என்றது. கீழ் வயது வரம்பு எதையும் கூறவில்லை. 2002-இல் நிறைவேறிய 86-ஆம் திருத்தம், ஆறு முதல் பதினான்கு வயது வரைதான் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. ஆறு வயதுக்குட்பட்டோர், அரசு ‘முயலும்’ என்ற சொல்லோடு வெளியே நின்றனர். முன்பருவக் கல்வி இயக்கத்தார் இதை எதிர்த்தனர், எதிர்ப்பு வெல்லவில்லை. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மூன்று வயது முதலே அடிப்படை நிலை தொடங்குகிறது என்று ஏற்றது. மூன்று வயதுக்குக் கீழே உள்ளோரின் தூளி இன்னும் கிளையிலேதான் தொங்குகிறது. 2017-இல் வந்த மகப்பேற்று நலச் சட்டத் திருத்தம், ஐம்பது பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் நிறுவனங்களில் காப்பகம் வேண்டும் என்றபோது, பெண்களை மட்டுமன்றி ஊழியர் அனைவரையும் எண்ணியது. குழந்தை தந்தைக்கும் உரியது என்று சட்டம் ஒப்புக்கொள்ள இத்தனை காலம் ஆயிற்று.

2019-இல் நடந்த தேசியக் காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஓர் உண்மையை எண்ணில் வடித்தது. ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு அதில் செலவிடுவது 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். வீட்டாரைப் பேணுவதில் ஈடுபடுவோருள் பெண்கள் 134 நிமிடமும் ஆண்கள் 76 நிமிடமும் செலவிடுகின்றனர். பேணுதல் அன்பின் பாற்பட்டது, ஐயமில்லை. ஆனால் அது உழைப்பும் ஆகும். அன்பு என்று பெயரிட்டு அவ்வுழைப்பைக் கணக்கிலிருந்து நீக்கியது நம் சமூகம். அம்மனப்பான்மை அங்கன்வாடிக்குள்ளும் புகுந்தது. அங்குப் பணிபுரியும் பெண்களுக்குத் தரப்படுவதற்கு ஊதியம் என்று பெயரில்லை; மதிப்பூதியம் என்று பெயர். மதிப்பு என்ற சொல் மட்டும் அதில் பெரிதாக இருந்தது.

மீனா சுவாமிநாதன் 2022 மார்ச் 14-இல், 88-ஆம் வயதில் மறைந்தார். மறுமாதம், ஏப்ரல் 25-இல், அங்கன்வாடிப் பணியாளர்களும் உதவியாளர்களும் 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தின்படி பணிக்கொடை பெற உரியவர்கள் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவருடைய அறிக்கை வெளிவந்ததும் 1972-தான். அறிக்கை கேட்டதில் ஒரு சிறு பகுதி, அரை நூற்றாண்டு கழித்து வேறொரு வாயில் வழியாக வந்து சேர்ந்தது. தீர்ப்பை அவர் காணவில்லை.

ஆய்வு வாழ்வு என்பது பெரும்பாலும் இத்தகையது. கவிஞனுக்குக் கைதட்டல் அரங்கிலேயே கிட்டும். ஆய்வாளர் எழுதியது கோப்பில் உறங்கி, திட்டமாகிப் பெயரிழந்து, பயன் பெறுவோர் அறியாமலே பயன் தரும். பால்வாடியில் முட்டை தின்னும் குழந்தைக்கு மீனா சுவாமிநாதன் யாரென்று தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. ஆனால் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நம் வட்டத்தின் பத்தாண்டுக் கவியரங்குகளை எண்ணிப் பார்க்கிறேன். தாயைப் பாடிய கவிதைகள் பல. தாலாட்டின் சந்தத்தில் அமைந்தவையும் உண்டு, நானும் எழுதியிருக்கிறேன். தூளியை ஆட்டிய அக்காளைப் பாடியவை என் நினைவுக்கு எட்டிய வரையில் இரண்டோ மூன்றோதான். பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவங்கள் வகுத்த மொழியில், பிள்ளை சுமந்த பிள்ளைக்கு ஒரு பருவமும் இல்லை. அதை எழுதும் கடமை நம்முடையது. பதினோராம் ஆண்டில் அதைத் தொடங்கலாம்.

என் தமக்கைக்கு இப்போது வயது எழுபதைக் கடந்துவிட்டது. எழுத்துக் கூட்டி வாசிப்பார். நீண்ட கட்டுரை வாசிக்க இயலாது. இம்மலர் அச்சாகி வந்ததும் அவருக்கு இதை நானே வாசித்துக் காட்டுவேன்.